வேலிச் சாட்சி

உக்காரு அம்மணி. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டு உக்காரு, தரை சுடும். நான் வெங்காயத் தாள் அறுத்துக்கிட்டே பேசறேன், கோவிச்சுக்காதே. பொழுதோட ஒட்டன்சத்திரம் போற வண்டி வந்துரும். அதுக்குள்ளார இந்தக் குமியை முடிச்சாகோணும். நடுவுல என்ற கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு நெனச்சுக்கோ. அழுதேன்னு எழுதிப்போடாதே. அழுகறதையெல்லாம் நான் எப்பவோ விட்டாச்சு.

மெட்ராசுல இருந்தா வர்றே? அத்தாந் தூரத்துல இருந்து இதைக் கேக்கவா வந்தே? மருந்தில்லாத் திட்டம் மத்த ஊர்லயெல்லாம் ஒரே வெள்ளாமையோட படுத்துக்கிச்சு, இந்த ஊர்ல மட்டும் எப்பிடி நெலச்சுதுன்னு. சுகன்யா மேடம் என்ன சொல்லுச்சு? விழிப்புணர்வுன்னு சொல்லியிருக்கும். ஒத்துமைன்னு சொல்லியிருக்கும். நல்ல பிள்ளை அது. தோட்டக்கலை ஆபீசுல அது மாதிரி வெயில்ல நடக்கற பிள்ளைய நான் பாத்ததில்ல. ஆனா இந்த ஊரைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒத்துமையாவது மண்ணாவது. இங்க திட்டம் நெலச்சுதுன்னா அதுக்குக் காரணம் பகை. என்ற பகை. எழுதிக்கோ. பேரு துளசிமணி, சென்னியப்பன் சம்சாரம்.

அந்தா தெரியுது பாரு கிளுவை முள்ளு வேலி. வேலிக்கு இக்கட்ட என்ற காடு, வெங்காயம். அக்கட்ட கத்திரிக்கா நிக்குது பாரு, ஒரு சொத்தை இல்லாம. அது தெய்வசிகாமணி காடு. நேத்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போய் எளனி வெட்டிக் குடுத்தானே, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிக்கிட்டு, அந்த ஆளுதான். உனக்கு நல்ல மனுசனாத் தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியுது. எங்கூட்டுக்காரருக்குப் பெரியப்பன் மகன். எனக்கு மூத்தாரு முறை. ஒரு காலத்துல மாமான்னு கூப்பிட்டேன். இப்ப அந்த வார்த்தை என்ற வாயில வர்றதில்ல. அந்த ஆளுதான், வேற பேரு கெடையாது.

ஏன்னு சொல்றேன், கேளு.

கத்திரிக்காய்க்குப் புழு விழும். பூச்சி வந்து முட்டை வெச்சுட்டுப் போயிரும், புழு பிஞ்சுக்குள்ளாற பூந்துக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, அறுத்தாத்தான் தெரியும். அதுக்குப் பயந்துக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்தடிப்பாங்க. இன்னிக்கு மருந்து, நாளைக்குக் காய் பறிப்பு, நாளானிக்கு மெட்ராசுல உன்ற ஊட்டுச் சாம்பாரு. மூஞ்சியச் சுளிக்காதே, நடந்ததைத்தான் சொல்றேன். எங்கூட்டுக்காரரு மருந்தடிக்கறதுல கெட்டிக்காரரு. ஊர்ல எல்லாரு காட்டுக்கும் கூலிக்குப் போவாரு. அந்த ஆளு காட்டுக்கு மட்டும் கூலி வாங்கமாட்டாரு. "அண்ணன் கூப்பிட்டா எப்பிடிடீ போகாம இருக்கறது"ம்பாரு.

முதுகுல மாட்டி மருந்தடிக்கற டேங்க் அந்த ஆளுது. அது ஒழுகும். ஒரு ரப்பர் வாசர் தேஞ்சு போயிருந்துது, வேற ஒண்ணுமில்ல. "அண்ணா, வாசரை மாத்திப்போடுங்க, முதுகு நனையுது"ன்னு இவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. "தாராபுரம் போறப்ப வாங்கியாறேன்டா"ன்னு அந்த ஆளும் சொல்லிக்கிட்டே இருந்தான். தாராபுரம் போகாம இருந்தானா? போனான். பருத்திக்கொட்டை வாங்கினான், பஜ்ஜி தின்னான், பஸ் ஏறி வந்தான். வாசர் மட்டும் ஞாபகம் வல்ல.

அன்னிக்கு நல்ல வெயில். புழு அடங்கலைன்னு ரெண்டு மருந்தை ஒண்ணாக் கலக்கி அடிக்கச் சொல்லியிருக்கான். உச்சி நேரத்துல பாத்திக்கு நடுவுல விழுந்துட்டாரு. நான் வேலியத் தாண்டி ஓடினேன், முள்ளுக் கிழிச்ச தழும்பு இன்னும் காலுல இருக்குது. சட்டை முதுகுப் பக்கம் பூரா ஊறிப்போய்க் கெடந்துது. வாயில நுரை. காரு வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்டாரு, எப்பிடி ஆச்சுன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்த ஆளு முந்திக்கிட்டான்.

"மருந்தைக் குடிச்சுட்டானுங்க. ஊட்ல என்னமோ சண்டையாமுங்க."

அவ்வளவுதான் சொன்னான். அதுக்கு மேல சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு.

உள்ளதைச் சொல்லியிருந்தா என்னாகும்? போலீசு வரும். ஒழுகற டேங்கை ஏன் குடுத்தே, ரெண்டையும் கலக்கச் சொன்னது யாரு, மூஞ்சிக்குக் கட்ட ஒரு துணி குடுத்தியான்னு கேப்பாங்க. குடிச்சான்னு சொல்லீட்டா கேள்வி பூராவும் என்ற ஊட்டுப் பக்கம் திரும்பீரும். திரும்பிருச்சு. அன்னிக்குக் காத்தால எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்தது நெசந்தான். எந்த ஊட்ல வராது? பக்கத்து ஊட்டுக்காரிக்குக் கேக்கற மாதிரி வந்தது, அதான் வெனையாப் போச்சு. "இல்லீங்க, அடிக்கறப்ப விழுந்தாருங்க, சட்டையப் பாருங்க"ன்னு நான் ஆஸ்பத்திரியில கத்தினேன். புருசன் மருந்து குடிச்சா பொண்டாட்டி அப்பிடித்தான் சொல்லுவான்னு பாத்தாங்க. சட்டைய அதுக்குள்ள கழட்டி எங்கயோ வீசியிருந்தாங்க.

அவரு பொழைக்கல.

அப்பறம் இந்த ஊரு என்னைப் பாத்த பார்வைய நீ பாத்திருக்கோணும். துக்கத்துக்கு வந்தவளுக என்னைக் கட்டிப் புடிச்சு அழுதுபோட்டு, வாசலைத் தாண்டினதும் அப்பிடி என்ன பாடுபடுத்தினாளோன்னு பேசினாளுக. என்ற மகளுக்குப் பேசி வெச்சிருந்த எடம் திரும்பிப் போயிருச்சு. அப்பன் மருந்து குடிச்ச ஊட்ல பொண்ணெடுக்கறதான்னு. பின்னால எங்கயோ ஓசூருப் பக்கம் கட்டிக் குடுத்தேன், வருசத்துக்கு ஒருக்கா மூஞ்சியப் பாக்கறதுக்கே கஷ்டம். எல்லாம் அந்த ஒரு பொய்யினால.

ஒரே ஒருக்கா அந்த ஆளைக் கேட்டேன். பால் சொசைட்டி வாசல்ல, நாலு பேரு நிக்கறப்பக் கேட்டேன். "மாமா, கேசு வேண்டாம், காசு வேண்டாம். அவரு குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க." அந்த ஆளு பால் கேனைப் பாத்துக்கிட்டே நின்னான். அப்பறம், "போனது போச்சு துளசி, உடு"ன்னான். கேனைத் தூக்கி வண்டியில வெச்சுக்கிட்டுப் போயிட்டான்.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன். என்னை எப்பிடி நாலு பேரு முன்னால ஒரு பொய்யச் சொல்லிச் சாய்ச்சானோ, அதே மாதிரி நாலு பேரு முன்னால ஒரு பொய்யச் சொல்லி அந்த ஆளைச் சாய்க்கோணும். அதுக்கு ஒரு நேரம் வரோணும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

காத்துக்கிட்டிருந்த காலத்துல அந்த ஆளு பண்ணின அழிச்சாட்டியத்தைக் கேளு. நான் மக ஊட்டுக்குப் போயிருந்தப்ப டிராக்டரைக் கொண்டாந்து என்ற காட்டை உழுது வெச்சிருக்கான். எதுக்கு? இன்னிக்கு உழுவான், நாளைக்குக் காடே என்றதுன்னு சொல்லுவான். காட்டைப் புடுங்கப் பாக்கறான்னு ஊரெல்லாம் சொன்னேன். அப்பறம் பொங்கல், தீவாளின்னு நோம்பிக்கு நோம்பி ஒரு கூடை காய் வாசல்ல இருக்கும். யாரு வெச்சதுன்னு கேக்கோணுமா? மாட்டுக்குக் கொட்டினேன். மருந்தடிக்கறதையும் மெல்ல மெல்லக் கொறைச்சுக்கிட்டான். அந்த டேங்கை அதுக்கப்பறம் நான் கண்ணாலயே பாக்கல. கூலி மிச்சம் புடிக்கறான்னு வெச்சுக்கிட்டேன். கருமி.

அப்பத்தான் திட்டம் வந்துது.

சுகன்யா மேடம் வந்து பால் சொசைட்டியில கூட்டம் போட்டுச்சு. இந்தப் பக்கம் ஒட்டினாப்பல இருக்கற காடு பூராவும் ஒண்ணாச் சேந்து கையெழுத்துப் போடோணும், ஒருத்தரும் மருந்தடிக்கப்படாது. அடிக்காம இருந்தா சொட்டு நீர் பைப்பு, பூச்சிப் பொறி, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் சும்மா. காயை எடுக்கறதுக்கு வண்டியும் ஊட்டு வாசலுக்கே வரும். ஆனா ஒருத்தன் அடிச்சாலும் எல்லாருக்கும் போச்சு. சரி, அடிக்கலைன்னு யாரு சொல்றது? மேடம் வந்து காவல் இருக்குமா? இல்ல. வேலிக்குப் பக்கத்துக் காட்டுக்காரங்க சொல்லோணும். வெள்ளாமை முடிஞ்சதும் ஆபீசருங்க முன்னால எந்திரிச்சு நின்னு, இவரு அடிச்சாரு, இல்ல அடிக்கலைன்னு வாயால சொல்லோணும். அதுக்கு வேலிச் சாட்சின்னு பேரு வெச்சிருந்தாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாருன்னு தெரியல. கோவிச்சுக்காதே, உனக்கு வேண்டியவரா இருந்தாலும் இருப்பாரு. ஆனா அவருக்குக் காடு இருந்திருக்காது. காடிருந்தா வேலிக்கு அக்கட்ட ஒரு ஆளு இருந்திருப்பான். வேலிக்கு அக்கட்ட ஆளிருக்கற எவனும் இப்பிடிச் சட்டம் போடமாட்டான்.

ஊர்ல ஒருத்தனும் கையெழுத்துப் போட எந்திரிக்கல. கத்திரிக்காயை மருந்தில்லாம எப்பிடி எடுக்கறதுன்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டானுக. அப்ப மொதல்ல எந்திரிச்சது யாருன்னு நெனக்கறே? அந்த ஆளு. நேரா மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான்.  சும்மா குடுக்கற பைப்புன்னா அந்த ஆளு முந்திக்காம என்ன பண்ணுவான்?

ரெண்டாவது கையெழுத்து என்றது. நான் எந்திரிச்சதைப் பாத்து ஊரே வாயப் பொளந்துது. பாவம் துளசி, பழசையெல்லாம் மறந்துட்டான்னானுக. மறக்கவா போனேன்? அந்த ஆளு காட்டுக்கு மேக்கால வேலி என்றது. அந்த ஆளு அடிச்சானா அடிக்கலையான்னு சொல்ற வாய் என்ற வாய். நான் எந்திரிச்சு அடிச்சாருன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த ஆளு தலைய ஊரே உருட்டும். எனக்கும் பைப்பு போகும். போகட்டும். பைப்புக்கா நான் காத்துக்கிட்டிருந்தேன்?

அப்பறம் ரோசனை பண்ணினேன். பொய் சொல்றதுக்கு முன்னால அந்த ஆளை நெசமாவே அடிக்க வெச்சா என்ன? அப்ப நான் நெசத்தையே சொல்லிச் சாய்ச்சுரலாமே. அதுக்கு வழியையும் மேடமே கையில குடுத்துது.

பூச்சிப் பொறின்னு ஒண்ணு குடுத்தாங்க. பிளாஸ்டிக் டப்பா. உள்ளாற சின்ன ரப்பர் மூடி மாதிரி ஒண்ணு தொங்கும். நாங்க குப்பின்னுதான் சொல்லுவோம். அதுல பொட்டைப் பூச்சியோட வாசனை இருக்குதாம். அதை மோந்துக்கிட்டு ஆம்பளைப் பூச்சி எங்கிருந்தாலும் தேடிக்கிட்டு வருமாம், வந்து டப்பாவுக்குள்ள விழுந்து சாகுமாம். மேடம் இதைச் சொல்றப்ப ஆம்பளைங்க எல்லாம் கீழ குனிஞ்சுக்கிட்டானுக. எனக்கு மட்டும் மண்டையில வெளக்கெரிஞ்ச மாதிரி இருந்துது. டப்பா இருந்தாத்தானே சாகும்? குப்பிய மட்டும் எடுத்துத் தொங்கவிட்டா? தேடிக்கிட்டு வரும், சாகாது. இந்த வட்டாரத்துப் பூச்சி பூராவும் ஒரே காட்டுல வந்து எறங்கும். எறங்குனா புழு. புழுன்னா மருந்து.

என்றது வெங்காயம், கத்திரிப் பூச்சி என்னை ஒண்ணும் பண்ணாது. என்ற பங்குக்கு வந்த குப்பியெல்லாம் கழட்டினேன். பத்தல. ஊருக்குள்ள போனேன். பொறிய ஒருத்தனும் நம்பல. எங்களோட கையெழுத்துப் போட்ட கொழந்தவேலு டப்பாவுல கோழிக்குத் தண்ணி வெச்சிருந்தான். ஒருத்தி உப்புப் போட்டு வெச்சிருந்தா. "குப்பிய எனக்குக் குடுங்க"ன்னு கேட்டேன், எடுத்துக்கோன்னு அள்ளிக் குடுத்தாங்க. ஒரு முந்தானை நெறைய வந்துது. கொண்டாந்து இந்தா, இந்தக் கிளுவை வேலி நீளத்துக்கும் நூலுல கோத்துக் கோத்துக் கட்டினேன். ஆடி மாசத்து மேக்காத்து எப்பிடி அடிக்கும்னு உனக்குத் தெரியாது, ஆளையே தள்ளும். என்ற காட்டுப் பக்கமிருந்து அந்த ஆளு காட்டுக்குள்ள நேரா அடிக்கும். வாசனை பூராவும் உள்ளாற போகட்டும்னு கட்டினேன்.

கட்டிப்போட்டுக் காவல் இருந்தேன். காத்தால எந்திரிச்சதும் மொத வேலை வேலியோரம் போய் நிக்கறது. மத்தியானம் சோத்துத் தட்டோட அங்கயேதான். அந்த ஆளு என்ன தெளிக்கறான், எதைக் கரைக்கறான், எல்லாம் பாப்பேன். வேப்பங்கொட்டை இடிச்சு ஊற வெப்பான். வாடின குருத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில போட்டுக் கொண்டுபோய் எரிப்பான். இடுப்பு ஒடியக் குனிஞ்சு கிள்ளுவான், நான் பாத்துக்கிட்டே நிப்பேன். ஒருக்காகூட நிமுந்து ஏன் பாக்கறேன்னு கேக்கல. கேக்க மூஞ்சி ஏது?

இதுல ஒரு வேடிக்கையக் கேளு. நான் நிக்கறது அந்த ஆளைப் புடிக்க. ஆனா இந்தக் காட்டுக்காரனுகளுக்கெல்லாம் துளசி காவல் இருக்கறான்னு பயம் வந்துருச்சு. கொழந்தவேலு ஒருநாள் மத்தியானம், எல்லாரும் சோறு திங்கப் போயிருக்கறப்ப, டேங்கை மாட்டிக்கிட்டு எறங்கினான். எனக்கு அந்த நாத்தம் அடிச்சுது. அந்த நாத்தத்தை நான் எந்தக் கோடியில இருந்தாலும் கண்டுபுடிச்சுருவேன் அம்மணி, அவரு சட்டையில இருந்த நாத்தம் அது. நான் அக்கட்ட இருந்து போட்ட சத்தத்துல கொழந்தவேலு டேங்கோட கெணத்து மேட்டுக்கு ஓடினான். ஒரு சொட்டுக்கூட அடிச்சிருக்கல. அதுக்கப்பறம் ஒருத்தனும் டேங்கைத் தொடல. மேடம் இதைத்தான் விழிப்புணர்வுங்குது.

பாசம் இருந்தா எவனும் அடுத்தவன் காட்டை எட்டிப் பாக்கமாட்டான். பகை இருந்தாத்தான் கண்ணு மூடாமப் பாப்பான். இதையும் எழுதிக்கோ. சட்டம் போட்டவருக்குப் பிரயோசனப்படும்.

இருக்கட்டும். அந்த ஆளு காட்டுல புழு விழுந்துதான்னு கேக்கறியா? விழுகல. என்ன மாயமோ தெரியல. செடி ஒண்ணுகூட வாடல, காய் ஒண்ணுகூடச் சொத்தையில்ல. கூடை கூடையாப் பறிச்சான். வேலியோரம் இருக்கற செடிதான் இருக்கறதுலயே நல்லாக் காய்ச்சுது. எனக்கு வயிறு எரிஞ்சுது. மேடம் ஒருநாள் வந்து வேலிய உத்துப் பாத்துச்சு. "யாருங்க இப்படி வெறும் குப்பியாக் கட்டினது?"ன்னு கேட்டுச்சு. நான் நிமுந்து பாத்து, நான்தானுங்கன்னேன். திட்டும்னு பாத்தா, சிரிக்குது. வெறும் வாசனையா இத்தனை எடத்துல இருந்தா ஆம்பளைப் பூச்சிக்குக் கிறுக்குப் புடிச்சுருமாம், நெசப் பொட்டை எங்க இருக்குதுன்னு தெரியாம அலைஞ்சு அலைஞ்சே ஓஞ்சு போகுமாம். சோடி சேராம எப்படிங்க முட்டை வெக்கும், வெளிநாட்டுலயெல்லாம் இப்படித்தான் பண்றாங்க, அவருக்காக நீங்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்களேன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டுச்சு. படிச்ச பிள்ளை, என்னமோ சொல்லுது. நான் மறுத்துப் பேசல. பூச்சி பத்தல, அவ்வளவுதான் விசயம். இன்னும் ரெண்டு மடங்கு கட்டியிருந்தா வந்திருக்கும்.

ஆக, நெசம் கைவிட்டுருச்சு. பொய்தான் மிச்சம்.

வெள்ளாமை முடிஞ்சு பால் சொசைட்டியில கூட்டம். பெரிய ஆபீசருங்க ரெண்டு மூணு பேரு ஜீப்புல வந்திருந்தாங்க. ஊரே உள்ளாற நின்னுது. அதே எடம், அந்த ஆளு கேனைத் தூக்கிக்கிட்டுப் போன அதே எடம். நான் தலைக்குத் தண்ணி ஊத்தி, அவரு எடுத்துக் குடுத்த சேலையக் கட்டிக்கிட்டுப் போயிருந்தேன். ஒவ்வொருத்தரு பேராக் கூப்பிட்டாங்க. எல்லாச் சாட்சியும் அடிக்கலைங்க, அடிக்கலைங்கன்னு சொல்லிக்கிட்டே வந்துது.

"தெய்வசிகாமணி காட்டுக்கு மேற்கு வேலிச் சாட்சி, துளசிமணி."

எந்திரிச்சேன். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில நிக்குது. அந்த ஆளு எதுக்க உக்காந்திருந்தான். இத்தனை வருசத்துல மொத மொதல்ல என்ற மூஞ்சிய நேராப் பாத்தான். பயந்து பாப்பான்னு நெனச்சேன். பயமில்ல அம்மணி. சொல்லு, சொல்லிப்போடுன்னு கெஞ்சற பார்வை. நான் என்ன சொல்லப்போறேன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குது. அதை வாங்கிக்கறதுக்குத் தயாரா உக்காந்திருக்கறான், பந்தியில எலை போட்டு உக்காந்திருக்கற மாதிரி.

எனக்குச் சுருக்குன்னு ஒறைச்சுது. நான் பொய் சொன்னா என்னாகும்? ஒரு பொய்க்கு ஒரு பொய். ரெண்டு பேரும் ஒண்ணு. அந்த ஆளு இன்னிக்கு ஊட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவான். நான் உடுவேனா? அந்த ஆளுக்கு நான் சமமாகறதா? அந்தச் சுகத்தை நான் குடுக்கமாட்டேன்னு வைராக்கியம் வந்துருச்சு.

"அடிக்கலைங்க"ன்னேன். "தெனமும் வேலியோரம் நின்னு பாத்தேனுங்க. ஒரு சொட்டு அடிக்கலைங்க. பாக்காததைப் பாத்தேன்னு சொல்ற வாய் என்றது இல்லீங்க."

அந்தக் கடைசிப் பேச்சை அந்த ஆளைப் பாத்துத்தான் சொன்னேன்.  ஊருக்குப் புரிஞ்சுது. அந்த ஆளு மூஞ்சி செத்துப் போச்சு. உக்காந்தேன். அந்த ஒரு நிமிசம் எனக்கு இருந்த சந்தோசம் என்ற கண்ணாலத்தன்னிக்குக்கூட இருக்கல, பொய் சொல்லல. இனி சாகற வரைக்கும் அந்த ஆளு இதைச் சொமந்துக்கிட்டுத் திரியட்டும்னு நெனச்சேன்.

அடுத்து மேடம் கூப்புட்டுச்சு. "சென்னியப்பன் காட்டுக்குக் கிழக்கு வேலிச் சாட்சி, தெய்வசிகாமணி." பட்டா இன்னும் அவரு பேருலதான் இருக்குது. எனக்கு அந்த ஆளு சாட்சின்னு நான் நெனச்சே பாக்கல. நான் சொல்லப்போறதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த ஆளு எந்திரிச்சான். துண்டை எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டான்.

"சென்னியப்பன் காட்டுல மருந்து அடிச்சாங்களா ஐயா?"

"சென்னியப்பன் குடிக்கலீங்க"ன்னான்.

மேடத்துக்குப் புரியல. "இல்லீங்க ஐயா, காட்டுல மருந்து அடிச்சாங்களான்னு கேட்டேன்."

"குடிக்கலீங்க மேடம். என்ற காட்டுல அடிக்கறப்ப விழுந்தானுங்க. டேங்க் என்றதுங்க. ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், நான் வாசர் மாத்தலீங்க. குடிச்சுட்டான்னு நான்தானுங்க சொன்னேன். போலீசுக்குப் பயந்துக்கிட்டுச் சொன்னேன். துளசி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

சொல்லிப்போட்டு நின்னுக்கிட்டே இருந்தான். அப்பறம் என்ன நடந்துதுன்னு நெனக்கறே? எவனோ ஒருத்தன் கை தட்டினான். அப்பறம் எல்லாருமாத் தட்டினானுக. பெரிய மனசுன்னானுக. இந்தக் காலத்துல எவன் இப்பிடி ஒத்துக்குவான்னானுக. கொழந்தவேலு எந்திரிச்சுப் போய் அந்த ஆளு தோளைப் புடிச்சுக்கிட்டு அழுகறான். நான் அந்த நெசத்தைத் தொண்டை கிழியக் கத்தினப்ப ஒருத்தன் கை தட்டல அம்மணி. பொய் சொன்னவன் அதே நெசத்தைச் சொன்னா அவனுக்குக் கைதட்டு.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு வந்துது. "இத்தனை நாளா இந்த வாயை எங்க வெச்சிருந்தீங்க மாமா?"ன்னு கத்திப்போட்டு வெளிய வந்துட்டேன். பின்னாலயே பொம்பளைங்க ஓடியாந்து கையப் புடிச்சுக்கிட்டாளுக, மன்னிச்சுரு துளசின்னு. மக போன் பண்ணி அழுதா. அவ மாமனாரு அடுத்த வாரமே பழம் வாங்கிக்கிட்டு வந்து உக்காந்திருந்துட்டுப் போனாரு. எல்லாஞ் சரி. நான் கேட்ட வார்த்தை அதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதை நான் புடுங்கியிருக்கோணும். அந்த ஆளு கழுத்துல கால வெச்சுப் புடுங்கியிருக்கோணும். அந்த ஆளாக் குடுத்தா அது எப்பிடிப் பழியாகும்? வேணும்னே என்ற கையில இருந்ததைப் புடுங்கிக்கிட்டுத் தப்பிச்சுட்டான்.

அதுவும் போதாதுன்னு இந்த வருசம் முன்னோடி விவசாயின்னு சால்வை போட்டாங்க. மேடத்துக்கிட்ட என்ன சொன்னானாம் தெரியுமா? சால்வை துளசிக்குப் போடுங்கன்னானாம். எகத்தாளத்தைப் பாரு.

அதனால நான் உடறதா இல்ல. குப்பி கட்டறதை நான் இன்னும் நிறுத்தல. போன வெள்ளாமைக்கும் கட்டினேன், பூச்சி வல்ல. இந்த வெள்ளாமைக்கும் கட்டுவேன். எத்தனை நாளைக்கு வராமப் போகும்? கட்டறப்ப அந்த ஆளு கத்திரிச் செடிக்குள்ள நின்னு பாத்துக்கிட்டே இருப்பான். எனக்கு இப்பத் தோளு வலி, கை மேல தூக்க முடியறதில்ல. போன மாசம் பாக்கறேன், என்ற கைக்கு எட்டற ஒசரத்துக்கு வேலி நீளத்துக்கும் கிளுவையை வெட்டிக் கொறைச்சு உட்டிருக்கான். முள்ளையெல்லாம் அள்ளி அக்கட்ட போட்டிருக்கான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறவனுக்கு நான் என்ன பண்றது?

வண்டிச் சத்தம் கேக்குது. எந்திரி, சாக்கு வேணும். நீ மேடத்தைப் பாத்துட்டுத்தானே ஊருக்குப் போவே? ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தத் தடவை குப்பி பத்தாது, இன்னும் ஒரு பங்கு சேத்து அனுப்பச் சொல்லு. எதுக்குன்னு கேட்டா வேலி நீளம்னு சொல்லு. ஆடி பொறந்தா மேக்காத்து எடுத்துக்கும், அதுக்குள்ள கட்டி முடிக்கோணும்.